கொலோசியத்தில் அழித்த ஆள்

அழித்துவிட்ட ஆள் அச்சில் மறுபடி நின்றான்.

எர்கோலே ஈரத்தாளை அச்சுப்பொறியிலிருந்து உரித்து வெளிச்சத்தில் பிடித்தான். படத்தில், இடிந்த பழைய அரங்கமான கொலோசியத்தின் மேலடுக்கு வளைவுக்குள், முதுகைக் காட்டியபடி, பலகையில் எதையோ வரைந்துகொண்டிருக்கும் பொடி உருவம். இடிபாடுகளைச் செதுக்குகிறவர்கள் தங்களையே அப்படி ஒரு மூலையில் வைத்துக்கொள்வார்கள். பட்டறைக்குப் புதிதாக வந்த தாதேயோவும் தன் தகட்டில் வைத்திருந்தான். அதைத்தான் எர்கோலே சற்றுமுன், செப்புத் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெருகுக் கம்பியால் தேய்த்து அழித்திருந்தான். அடியில் இருந்த தாதேயோவின் பெயரையும் அழித்துத் தன் பெயரை வெட்டியிருந்தான். பெயர் மட்டும் சரியாக விழுந்திருந்தது.

காலையில் முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். "இருபது வருஷமா நீ கல்லைத்தான்யா செதுக்குற. இந்தப் பய வெயிலையே செதுக்கிட்டான்!"

எர்கோலேவுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவன் பெயரா படம் வாங்கும் யாத்திரிகர்களோடு ஊர் ஊராகப் போவது? போதாததற்குத் தாதேயோ நல்லவனாகவும் இருந்து தொலைத்தான்.

"அண்ணே, சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன். தகட்டைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

நடுப்பகல். ஆகஸ்ட் வெயிலுக்குத் தெருவே கதவடைத்துத் தூங்கியது; மூடிய ஜன்னலிடுக்கில் வந்த வெளிச்சக் கீற்றில் தூசி மிதந்தது, மையும் எண்ணெயும் கலந்த வாடை தொண்டையை அடைத்தது, எங்கோ ஒரு சிள்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எர்கோலே மறுபடி தேய்த்தான். நகத்தால் தடவிப் பார்த்தான். வழவழப்பு. மை பூசி, துடைத்து, இரண்டாம் தாளை அழுத்தினான்.

உருவம் கீழடுக்குக்கு இறங்கியிருந்தது. இப்போது இந்தப் பக்கம் திரும்பி நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"சனியனே, போய்த் தொலை!"

கம்பியை அழுத்தித் தேய்த்தான். மூன்றாம் தாள். வளைவுகள் எல்லாம் காலி.

"ஒழிஞ்சான்" என்று சிரித்தான் எர்கோலே. பிறகு அடியில் பார்த்தான். அவன் பெயரும் இல்லை.

சிள்வண்டு நின்றது.

மேசையில் வைத்த மெருகுக் கம்பியைக் காணவில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு.

நெற்றியில் ஒரு சொட்டு. எண்ணெய். சில்லென்று.

இரும்பு மெல்லத் தேய்த்தது. புருவம் போனது. மூக்கு போனது. "தாதேயோ" என்று அலற வாயைத் திறக்கப் பார்த்தான்.

திறக்க அங்கே எதுவும் இல்லை.