விடியாத அறை

1913, கார்த்திகை மாதம். இரவெல்லாம் பெய்த மழை விடியலில் விட்டிருந்தது. காலை ஏழு மணிக்கு வண்ணார்பேட்டையில் எலியேசர் வாத்தியார் வீட்டுப் பேறுகால அறையின் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள்.

உள்ளே, தரையில் விரித்த பாயில் மரியம்மாள் இறந்து கிடந்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் துணையாகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். முகத்தில் வேதனையில்லை. தூங்குகிறவளைப் போல் கன்னங்கள் சிவந்திருந்தன. அவளுக்கு அருகே கணப்புச் சட்டியில் கரி சாம்பலாகியிருந்தது. கட்டிலில் வாத்தியாரின் மனைவி யூனிஸ் நினைவில்லாமல் கிடந்தாள். கதவோரத் தொட்டிலில் பச்சைப் பெண்குழந்தை மட்டும் பசியில் வீறிட்டு அழுதது.

சப்-இன்ஸ்பெக்டர் குற்றாலலிங்கம் வந்தபோது மணி ஒன்பது. கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். உள்ளிருந்து போட்டது. இரண்டு ஜன்னல்களும் சாத்தி, வாடைக்காற்று நுழையாதபடி இடுக்குகளில் துணி செருகப்பட்டிருந்தது. வெளியாள் வந்து போக வழியே இல்லை.

"ராத்திரி ரெண்டு பேரும் கடைசியா என்ன சாப்பிட்டாவ?" என்று கேட்டார்.

"பிள்ளை பெத்தா கொடுக்குத காயக் கஷாயம், ரெண்டு பேருமே குடிச்சாவ" என்றார் எலியேசர். "எங்க அக்கா கெசியா வச்சுக் கொடுத்தது."

"சந்தேகப்படுதியளா?"

எலியேசர் வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். விரல்கள் தோலுரிந்து எண்ணெய் பளபளத்தது.

"கையில என்ன?"

"சுண்ணாம்பு அரிச்சிட்டுது. ஞானஸ்நானம் வருதுல்லா, வீட்டுல வெள்ளையடிப்பு." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அக்காவுக்குப் பிள்ளை இல்ல ஐயா. அத்தானும் போயிட்டாவ. யூனிஸுக்கும் அவளுக்கும் ஒத்துக்கிடாது. வேற யாரை நான் சந்தேகப்பட?"

அந்தச் சொல் அடுக்களை வாசலில் நின்ற கெசியாவின் காதில் விழுந்தது. நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. கூடத்து மேசையில் தடயமாக வைத்திருந்த கஷாயச் செம்பை எடுத்தாள். மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏம்மா! என்ன காரியம் செஞ்சிய!" குற்றாலலிங்கம் பாய்ந்து செம்பைப் பிடுங்கினார். காலியாக இருந்தது.

"நடக்குதது இங்கனயே நடக்கட்டும்யா" என்றாள் கெசியா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து போய்க் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டினாள்.

"விஷமில்லைன்னு உமக்கு முன்னாலேயே தெரியும். அப்ப என்னன்னும் தெரியுமோ?" குற்றாலலிங்கம் அவளையே பார்த்தார்.

கெசியா குழந்தையின் வாயைத் துடைத்தாள். நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா."

தன்னைக் காத்துக்கொள்ள மிச்சக் கஷாயத்தைக் குடித்தவள், ஒரு வார்த்தை சொல்ல ஏன் தயங்குகிறாள்? அந்தக் கேள்வி குற்றாலலிங்கத்தை விடவில்லை.

மதியத்தில் யூனிஸுக்கு நினைவு திரும்பியது. கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். குற்றாலலிங்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பைய சொல்லுங்கம்மா. ராத்திரி என்ன நடந்திச்சு?"

"தலை வெடிக்க மாதிரி வலிச்சுது. வாந்தி வந்துச்சு. மரியம்மாளைக் கூப்பிட்டேன், அவ அசையல. எந்திரிக்கப் பாத்தேன், கால் நிக்கல." மூச்சு வாங்கினாள். "வெளிய காக்கா கத்துன சத்தம் கேட்டுது. ஆனா அறையில ஒரே இருட்டு. தினமும் விடியக்காலம் எதுத்த சுவத்துல வெளிச்சம் விழும். இன்னைக்கு விழல. இன்னும் விடியலன்னு நெனச்சிப் படுத்துட்டேன்."

"முந்தின ராத்திரியெல்லாம் கணப்பு வச்சிருந்தியளா?"

"பிள்ளை பெத்த நாள்ல இருந்து வச்சிருக்கு. அதே சட்டி, அதே கரி. ஜன்னலும் இதே மாதிரி அடைச்சுத்தான் இருந்துச்சு."

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் ஆள் அனுப்பினார். குடலில் விஷத்தின் அறிகுறி இல்லை. ரத்தம் செக்கச் செவேலென்று இருக்கிறது. அடைத்த இடத்தில் கரி எரியும்போது எழும் நச்சுக்காற்றைச் சுவாசித்தவர்களுக்கு அப்படி இருக்கும்.

கணப்புத்தான் கொன்றிருக்கிறது. ஆனால் அதே சட்டியும் அதே கரியும் அத்தனை இரவுகள் சும்மா இருந்துவிட்டு நேற்று மட்டும் ஏன் கொன்றன?

குற்றாலலிங்கம் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை. கதவின் அடியில், ஈரத்தில் உளுத்த இடைவெளி வழியாக மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அங்கேதான் குழந்தையின் தொட்டில் இருந்தது. குழந்தை பிழைத்த காரணம் அவருக்குப் புரிந்தது.

தீக்குச்சி கிழித்து மேலே பார்த்தார். கூரை ஓடு தெரியாதபடி புதுப்பலகை அடித்த மச்சு. அதற்குக் கீழே, சுவரின் உச்சியில், பழைய வீடுகளில் விட்டிருக்கும் காற்றுத் துளைகள் வரிசையாக இருந்தன. எல்லாத் துளைகளும் வெளிச்சமில்லாமல் கறுத்துக் கிடந்தன.

பின்கட்டு வழியாக வெளியே போனார். சுவரில் ஏணி சாத்தியிருந்தது. இறவாரத்துக்குக் கீழே பழுப்பேறிய காரைச் சுவரில், கையகலத் திட்டுகளாகப் புதுச் சுண்ணாம்பு ஈரம் காயாமல் இருந்தது.

அவர் திரும்பி வந்து வாத்தியாரையும் கெசியாவையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, இது யார் கட்டின வீடு?"

"எங்க தாத்தா கட்டினது."

"மச்சுக்குப் பலகை எப்ப அடிச்சிய?"

"ஆவணியில. ஓட்டுல இருந்து தூசி விழுது, பிள்ளை பிறக்கப் போவுதேன்னு."

"அதுவரைக்கும் ஓட்டு இடுக்கு வழியா வீடு மூச்சு விட்டுது. பலகை அடிச்ச பெறகு, மிச்சம் இருந்தது அந்தத் துளைதான்." குற்றாலலிங்கம் கையை உயர்த்திக் காட்டினார். "நேத்து அதை அடைச்சது யாரு?"

"ஐயா, வேண்டாம்" என்றாள் கெசியா. "ஐயா, கும்பிடுதேன். விட்டுருங்க."

எலியேசர் அக்காவைப் பார்த்தார். மேலே பார்த்தார். தோலுரிந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"சாரல் அடிச்சுது" என்றார் மெல்ல. "பிள்ளைக்குத் தும்மல். நேத்துச் சாயங்காலம் மழை ஓஞ்ச நேரம்... ஏணி போட்டு வெளிய இருந்து நான்தான்... நல்லதுன்னுதானே..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து ராத்திரி இவன் கைக்கு எண்ணெய் போட்டது நான்தான்யா" என்றாள் கெசியா. "வெள்ளையடிச்சிருக்கான்னு நெனச்சேன். காலையில கதவைத் திறந்து உள்ள போனப்ப துளை இருட்டா இருந்துச்சு. அப்பவே வெளங்கிட்டுது. எங்கம்மா சாகுத மட்டும், காத்து அடைச்சிரும்னு அந்தத் துளையில ஒரு குருவிக்கூடு இருக்க விடமாட்டா."

"உம்ம மேல பழி போடும்போதும் சொல்லலையே?"

"என்னைச் சொன்னா நான் தாங்கிருவேன். கட்டினவளைக் கொல்லப் பாத்தேன்னு தெரிஞ்சா இவன் தாங்குவானா?"

எலியேசர் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் குனிந்து, சின்னப் பிள்ளையைத் தூக்குவது போல் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"இதுல கொலையும் இல்ல, கொலைகாரனும் இல்ல. அப்படித்தான் எழுதுவேன்" என்றார் குற்றாலலிங்கம். "ஆனா சாயந்தர ரயிலுக்கு மரியம்மாள் மகன் வாரான். அவனுக்கு யாராவது சொல்லணும். நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்யா. நான் சொல்லுதேன்" என்றார் எலியேசர்.

ஆஸ்பத்திரி வாசலில் சிலுவைமுத்து நின்றான். தூத்துக்குடியில் தோணி வேலை செய்பவன். தந்தி கிடைத்ததும் இரண்டு உறவுக்காரர்களோடு ரயிலேறி வந்திருந்தான். எலியேசர் அவன் முன்னால் போய் நின்றார். ஏணி போட்டதிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அடி விழும் என்று காத்திருப்பவர் போல் நின்றார். குற்றாலலிங்கம் ஓரடி முன்னால் எடுத்து வைத்தார்.

சிலுவைமுத்து கண்களைத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்தான்.

"அம்மை நோவோட கெடந்தாளா?"

"இல்லப்பா. தூக்கத்துலயே போயிருக்கான்னு டாக்டர் சொன்னாவ" என்றார் எலியேசர்.

உள்ளேயிருந்து சவப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிலுவைமுத்து முன்பக்கத்து மூலைக்குப் போய்க் குனிந்தான். மற்ற இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். ஒரு மூலை தரையிலேயே இருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நாங்க மூணு பேருதான் வந்திருக்கோம், வாத்தியாரய்யா. அந்தப் பக்கம் நீங்க பிடிங்க."