மூடியில்லாத பென் டிரைவ்

மடேர்!

லாக்கப் கம்பியில் கதிரேசன் தன் நெற்றியை மோதிக்கொண்ட சத்தம். நெற்றி ரத்தம் மூக்கின்மேல் வடிந்தது.

"நான் கொல்லலீங்க மேடம்!"

இன்ஸ்பெக்டர் ஷைலா கடிகாரத்தைப் பார்த்தார். காலை 11.40. இரண்டு மணிக்கு இவனைக் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும். வாசலில் இவன் மனைவி பொற்கொடி, அழவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிங்காநல்லூர் பம்ப்செட் பட்டறை முதலாளி கோவிந்தராஜுலு நேற்று மாலை ஏழு மணிக்கு, தன் மேஜையிலேயே மண்டை பிளந்து செத்துப்போயிருந்தார். இரண்டு கிலோ ஸ்பானர். மூன்று அடி. சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. மேஜைக் கண்ணாடியிலும் அப்படியே. நடுவில் மட்டும் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இடம் பளிச்சென்று இருந்தது. காலையிலிருந்து அது ஷைலாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

கதிரேசன் அந்தப் பட்டறையில் லேத் ஓட்டுபவன். போன வாரம் முதலாளியோடு சண்டை போட்டவன். அதற்குச் சாட்சியாகப் பட்டறை சூப்பர்வைசர் மயில்சாமி ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். மூடியில்லாத பென் டிரைவ். பையிலிருந்து நீல நிற பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அதை ஒரு துடை துடைத்தே நீட்டினார். எந்தச் சாமானையும் துடைக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது பட்டறைக்காரர்களுக்கு ஆகாது.

"இவன் ஸ்பானரை ஓங்குன வீடியோ இதுல இருக்குதுங்க. 'எனக்கு ஏதாச்சும் ஆனா போலீஸ்ல குடு'ன்னு நேத்து நாலு மணிக்கு முதலாளி குடுத்தாருங்க. ஊட்டு பீரோவுல பூட்டி வெச்சேன். இப்பத்தான் வெளிய எடுத்தேனுங்க."

"முதலாளியோட பம்ப் டிராயிங்கை வெளிக் கம்பெனிக்கு வித்ததே இந்த மயில்சாமிதானுங்க மேடம்! நேத்துத்தான் முதலாளிக்குத் தெரிஞ்சுது!" என்று லாக்கப்பிலிருந்து அலறினான் கதிரேசன்.

"ஜெயிலை நெனச்சா வாய் எதையும் பேசுமுங்க," என்றார் மயில்சாமி.

12.05. சைபர் பிரிவு லின்சி பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினாள். திரையில் ஓர் அசைவும் இல்லை.

"இது லினக்ஸுங்க மேடம். எதைச் செருகினாலும் லாக்ல, அதான் திரையில ஓடுற பதிவுல, ஒரு வரியாச்சும் விழும். கெட்டுப்போன டிரைவ்னாக்கூட எரர்னு காட்டும். இதுக்கு ஒண்ணுமே விழலீங்க."

"உங்க லேப்டாப்புக்கு வயசாயிருச்சுங்க அம்மணி," என்று சிரித்தார் மயில்சாமி.

லின்சி அதே துளையில் தன் மவுஸைச் செருகினாள். சரசரவென்று நான்கு வரிகள் ஓடின.

"போர்ட் நல்லாத்தானுங்க இருக்குது. டிரைவ் வாய்க்குள்ள தகடு தொடமாட்டேங்குது போல. அழுக்கா இருக்கும். சுரண்டிப் பாக்கட்டுங்களா?"

"தொடாதே!"

ஷைலா டார்ச்சை அடித்தார். தங்க நிறத் தகடுகளின்மேல் பழுப்பாகக் காய்ந்த பொருக்கு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நீல நூல்.

ஸ்டேஷனுக்கு வந்திருந்த தடயவியல்காரர் பஞ்சுமுனையில் ஒற்றியெடுத்து, ரத்தம் காட்டும் மருந்து ஒரு சொட்டு விட்டார். நிறம் மாறியது.

12.30.

"ஏனுங்க மயில்சாமி," ஷைலா நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப்போட்டார். "நாலு மணிக்கு இது உங்க பீரோவுக்குப் போகலீங்க. ஏழு மணிக்கு முதலாளி மேஜைமேல கெடந்துச்சு. கண்ணாடில சுத்தமா இருந்த எடத்துல இதை வெச்சா அச்சா உக்காரும். நீங்க அடிச்ச அடில தெறிச்ச ரத்தம், இன்னும் இதோட வாய்க்குள்ள இருக்குது."

மயில்சாமியின் கை தானாகப் பையிலிருந்த நீலத் துணிக்குப் போனது.

"இருக்காதுங்க! அங்கயே நல்லாத் தொடச்சுப்போட்டுத்தானுங்களே எடுத்தேன்!"