திறந்துவிடுறேன்னு சொன்னவன்

மூன்று நாள் நடையில் கால் வீங்கி, மத்தியானப் பனிமூட்டத்தில் அந்தப் பாழடைந்த சோதனைச் சாவடியை அடைந்தார்கள். தையல்காரர், அவர் மனைவி, அவர் முதுகில் தூங்கும் ஆறு வயது மகள். முன்னால் வழிகாட்டி. ஒரு சரிவு இறங்கினால் எல்லை. அப்புறம் தஞ்சம் கேட்டுவிடலாம்.

உள்ளே நனைந்த கம்பளியின் வாடை.

"ரோந்து வர்ற நேரம்க்கா. அந்த ரூமுக்குள்ள போங்க. வெளிய பூட்டிக்கிறேன், அவங்க போனதும் திறந்துவிடுறேன்," என்றான் வழிகாட்டி.

அவள் இரும்புக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். காலி அறை. கதவின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல்கள். கீழே, குழந்தை உயரத்திலும்.



"இதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்தவங்க எங்கப்பா?"

"அவங்கல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்கக்கா."

சொல்லி வாய் மூடவில்லை.

டொக்.

டொக். டொக்.

காலி அறைக்குள்ளிருந்துதான்.

"காத்து," என்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே ஒரு புல்கூட அசையவில்லை.

அவள் காதோரம் ஒரு பெண்குரல், தாகத்தில் வறண்டு: "தங்கச்சி... போன குளிர்காலத்துல எங்களப் பூட்டிட்டு ஓடினவன், உங்ககூடவா வந்திருக்கான்?"

தையல்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "வாயத் திறக்காத. அவன விட்டா நமக்கு வழி தெரியாது."

அவள் மகளைப் பார்த்தாள். கீழே இருந்த கீறல்களைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. இங்கதான் நிக்கிறான்."

அறையிலிருந்து குளிர் வழிந்தது. ஓடத் திரும்பிய வழிகாட்டியின் கால்கள் பின்னோக்கி, அறைக்குள் இழுபட்டன. "அண்ணே! பிடிங்கண்ணே!" தையல்காரர் ஓரடி எடுத்துவைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

கதவு சாத்திக்கொண்டது. சாவி வெளியே கிடந்தது.

எடுத்தாள். பூட்டினாள்.

சரிவில் அவர்களுக்கு முன்னே ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாய்ப் பதிந்துகொண்டே போயின. பெரியவை, சிறியவை. எல்லை வேலிவரை.

எட்டு மாதம் கழித்துத் தஞ்சம் கிடைத்தது; ஒற்றை அறை வீடும். குடிவந்த காலையில் துணிகளை அடுக்கி, அலமாரியைச் சாத்தினாள்.

உள்ளே மெல்லத் தட்டும் சத்தம். "அக்கா... திறங்கக்கா..."

அவள் கை கைப்பிடிக்குப் போனது.

காதோரம் அந்த வறண்ட குரல்: "நீ உன் வேலையப் பாரு, தங்கச்சி."