தோராயத்தின் கடைசி வார்த்தை

காலை 9.10. மேம்பாலக் கோப்பைத் திறந்த மதிப்பீட்டாளர் அக்கா அப்படியே உறைந்துபோனார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்கு முந்தைய பக்கம் அவருடையதே இல்லை.

ஓராண்டுக்கு முன், மண்ணைக்கூடத் தோண்டிப் பார்க்காத நேரத்தில் போட்ட தோராயக் கணக்கு அது. அதை வைத்துத்தான் பாலத்துக்கு அனுமதி கிடைத்தது. இப்போது தூணுக்குக் குழி தோண்டினால் சேறு. செலவு இரண்டு மடங்கு. பதினொரு மணிக்கு அக்காவை வேலையை விட்டு நீக்கும் உத்தரவில் பெரிய இன்ஜினியர் கையெழுத்துப் போடுகிறார்.

9.40. விசாரணை அதிகாரி வந்தாள். எதையும் சலித்துப் பார்ப்பதால் அவள் பெயரே சல்லடை.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'முப்பத்தொரு கோடியே நாற்பத்திரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று ஐந்து மட்டும்.'

"நீங்க என்னக்கா போட்டீங்க?"

"நாப்பத்தெட்டுலேர்ந்து அறுபத்திரண்டு கோடி வரைக்கும். அடியில மண்ணு எப்படின்னு தெரியாது, கூடுதலா ஒதுக்குங்கன்னு நாலு வரி. ஒண்ணையும் காணோம்."

கோப்பு இருந்த பீரோவின் சாவி மூன்று பேரிடம்: அக்கா, பெரிய இன்ஜினியர், பில் பிரிவு மேலாளர். பிரிண்டரோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

10.05.

"அனுமதிக்கு அனுப்புறப்ப படிச்சீங்களா சார்?"

"தொகையைப் பார்த்தேன்," என்றார் பெரிய இன்ஜினியர். "கம்மியா இருந்துச்சு. சந்தோஷமா அனுப்பிட்டேன்."

சல்லடை பழைய தோராயக் கோப்புகளைக் கேட்டு வாங்கினாள்.

10.20. மேலாளர் போனில் இருந்தார். "லாரி நிக்கட்டும் மச்சான், அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்குப் பாலத்தைப் பத்தி என்னம்மா தெரியும்? காலையிலேர்ந்து சாயங்காலம் வரை செக் எழுதுறவன்."

"லாரி எங்க சார் நிக்குது?"

சிரிப்பு நின்றது.

10.40. பெரிய இன்ஜினியர் அறையில் மூவரையும் உட்காரவைத்தாள்.

"நாப்பது பழைய தோராயம் பார்த்தேன். அக்காவோடதும் சாரோடதும். எல்லாத்துலயும் முதல் வார்த்தை 'சுமார்'. ஒண்ணுலகூட 'மட்டும்' கிடையாது. மண்ணையே பார்க்காதவங்க அஞ்சு ரூபா வரைக்கும் சொல்லி, 'மட்டும்'னு பூட்டுப் போடுவாங்களா? செக் எழுதுற கைக்குத்தான் அது தானா வரும். இல்லையா மேலாளர் சார்?"

"ஒரு வார்த்தைக்காகவா என்னை..."

"ஒரு மச்சானுக்காகவும். போன்ல லாரியை நிறுத்தச் சொன்னீங்களே, பாலத்தோட கான்ட்ராக்டர் அவர்தானே. கம்மியாக் காட்டி அனுமதி வாங்கிட்டு, பின்னாடி கூடுதல் வேலைன்னு பில்லு. உங்க கம்ப்யூட்டருக்கு இப்பதான் சீல் வெச்சிட்டு வரேன்."

மேலாளர் பீரோச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பெரிய இன்ஜினியர் பணிநீக்க உத்தரவை எடுத்துக் கிழிக்கப் போனார். "நல்லவேளைம்மா. போய் வேலையைப் பாரு," என்றார் அக்காவிடம்.

அக்கா காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

"கிழிக்காதீங்க சார். என் பேரை அடிச்சிட்டு ரெண்டு பேரு எழுதுங்க. மாத்தினவர் ஒண்ணு. படிக்காம சந்தோஷப்பட்டவர் ஒண்ணு."