ஓசை: இல்லை

அன்று காலையும் என் வீட்டுக்காரர் தன் நெஞ்சிலிருந்த வயரைக் கழற்றி வண்டியில் மாட்டினார். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு மின்முனைதான் உண்டு. தூங்கும் நேரத்தில், அவர் நெஞ்சுக்குள் ரத்தம் இறைக்கும் குருதியேற்றி அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். எழுந்ததும், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை, வண்டி எடுத்துக்கொள்ளும்.

"மாட்டியாச்சு மயிலு, தட்டை வை" என்றார்.

எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அதுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து நிலவின் தென்முனைக்கு நாங்கள் வந்து பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. வெயிலே படாத பள்ளத்திலிருந்து பனிக்கட்டி வெட்டிக் குடியிருப்புக்குக் கொண்டுவருவது எங்கள் தொழில். ஓட்டுவது அவர், பிரித்து மாட்டுவது நான். வண்டி நாங்கள் வந்த வருடமே வாங்கிய பிக்கப். மீட்டரில் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். நிலவை எண்பத்தாறு முறை சுற்றிவந்த தூரம். பின்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவருக்கு இதயம் நின்றுபோய், அதன் இடத்தில் குருதியேற்றி வைத்தார்கள். கை முஷ்டி அளவு இருக்கும். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் அதற்குத் தக்க சிறியதாகச் செய்தது. பூமிக்குப் போனால் அந்த எடைக்கு அதனால் ரத்தத்தைத் தலை வரை தள்ள முடியாது. இறங்கிய அன்றே முடிந்துவிடும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார்.

குடியிருப்பின் சட்டமோ வேறு. வண்டி வைத்திருப்பவருக்கு வருடம் ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை உண்டு. தேறாத வண்டி உருக்காலைக்குப் போகும். வண்டி இல்லாத ஓட்டுநர் அடுத்த கப்பலில் பூமிக்குப் போவார். ஆகவே வண்டி தேறினால்தான் என் வீட்டுக்காரர் செங்கோடன் உயிரோடு இருப்பார். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எஃப்.சி. நெருங்கும்போதெல்லாம் நான் ஒரு நட்டை மூன்று தடவை முடுக்குவேன்.

இந்தச் சூழ்நிலையில்தான் அந்தச் சத்தம் வந்தது.

எஃப்.சி.க்கு நாலு மாதம் இருந்தபோது, "ஏம்புள்ள, வண்டியில டொக்கு டொக்குன்னு ஒண்ணு கேக்குது" என்றார். உடன் போய் உட்கார்ந்தேன். கேட்டது. மெல்லிய, காய்ந்த சத்தம். மேட்டில் ஏறும்போது வேகமாகவும் சமதளத்தில் நிதானமாகவும் வந்தது. வெளியே காற்று இல்லாததால் கேபினுக்குள் ஊசி விழுந்தாலும் கேட்கும். வீட்டில் அப்படியில்லை, காற்றூட்டி மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். வெளியே நடந்தால் தலைக்கவசத்துக்குள் விசிறி இரையும். அமைதி என்று ஒன்று எங்களுக்கு இருந்தது வண்டிக்குள் மட்டும்தான்.

உடம்புக்கும் வண்டிக்கும் சேர்த்து, பழுது பார்க்க எங்களுக்கு ஒரே செப்பகம். இடது ஜன்னல் மனிதர்களுக்கு, வலது ஜன்னல் வண்டிகளுக்கு. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு முறைச்சீட்டு. எந்த ஜன்னலில் நீட்டுவது என்பது அவரவர் விருப்பம். அவருடைய குருதியேற்றியைப் பரிசோதிக்க வேண்டிய மாதம் அது.

"எனக்கென்ன, நல்லாத்தான ஓடிட்டிருக்கறேன். வண்டிக்குப் போடு" என்றார்.

போட்டேன்.

முதல் மாதம் சக்கர பேரிங் மாற்றினேன். சத்தம் போகவில்லை. இரண்டாம் மாதம் ஸ்பிரிங் பட்டைகளின் புஷ். அதற்கும் போகவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது என் வழக்கம். கேபின் தரை, ஸ்டியரிங் தண்டு, இருக்கையின் கால் என்று எல்லாவற்றிலும் ஊன்றிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் லேசாகக் கேட்டது. எந்த இடத்திலும் பலமாக இல்லை.

ஒரு நாள் நான் மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"உன்னையக் கண்டா வண்டிக்கும் பயம் போல" என்று சிரித்தார்.

அவர் எடைக்குத்தான் வண்டி முனகுகிறது என்று நினைத்து, அவர் எடையளவு நிலவுப் புழுதியை மூட்டை கட்டி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அப்போதும் இல்லை. அவர் ஏறினார், சத்தமும் ஏறியது.

"அப்ப நீங்க ஓட்டற லட்சணம்தான் அது. மேட்டுல இந்த மிதி மிதிச்சா கியர் என்னத்துக்காகும்?" என்றேன்.

"ஆமா, இத்தனை வருசமா மிதிக்காத மிதியை இப்பத்தான் மிதிக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, அன்றிலிருந்து மேட்டில் மெதுவாக ஏறினார். சத்தமும் குறைந்தது. என் கணிப்பு சரி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மூன்றாம் மாதச் சீட்டில் கியர் பெட்டியை இறக்கி ஏற்றினேன். அந்த மாதம் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. காற்றூட்டியின் சல்லடையைக் கழுவி மாட்டினேன்.

நாலாம் மாதம், மிச்சமிருந்தது மோட்டாரைக் குளிர்விக்கும் நீரேற்றி ஒன்றுதான். அதன் பேரிங்கைச் செப்பகத்தில் வாங்கி வந்து மாற்றினேன். சுண்டு விரல் நகம் அகலம்தான் இருக்கும். மறுநாள் எஃப்.சி.

ஆய்வாளர் வடமலை நெல்லைப் பக்கத்துக்காரர். ஆய்வு என்றால் அவர் வண்டியில் ஏறிப் பள்ளம் வரை போய்த் திரும்புவார், படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாக எழுதுவார். அன்று நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

பள்ளத்திலிருந்து மேடு ஏறும்போது சத்தம் பலமாக வந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இது என்ன சத்தம்? இதை வச்சிக்கிட்டு நான் எப்படிப் பாஸ் போடுவேன்?"

"கொஞ்சம் பொறுங்க. மேடு தாண்டுனா நின்னுரும்."

"நிக்கலைன்னா நான் எழுதத்தான செய்யணும். நம்ம கையில என்ன இருக்கு?"

"நிக்குமுங்க" என்றாராம் இவர்.

மேடு தாண்டியது. தடம் பழகிய பாதை என்பதால் இவர் வண்டியைத் தன்னோட்டத்தில் விட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார். சத்தம் இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. வடமலை காதைத் தீட்டி ஒரு கிலோமீட்டர் தூரம் கவனித்தார். மனதுக்குள் சந்தோஷப்பட்டதாகவே சொன்னார், நல்ல மனிதர். படிவத்தில் 'ஓசை: இல்லை' என்று எழுதி, 'தகுதி உண்டு' என்பதில் கையெழுத்துப் போட்டு, "இந்தாங்க அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே நின்னுட்டுல்லா" என்று நீட்டினார்.

வாங்க ஆள் இல்லை. வண்டி அதன் பாட்டுக்கு வீட்டு வாசலுக்கு வந்து, சுவரோடு ஒட்டி அழகாக நின்றது.

அந்த நாலு மாதத்தில் செப்பகத்தின் இடது ஜன்னலில் அன்றுதான் நான் முதல் தடவையாக நின்றேன். இறந்தவருக்குச் சீட்டு கேட்பதில்லை. ஜெசிந்தா என்கிற பெண் குருதியேற்றியைப் பிரித்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பேரிங் தேஞ்சு தூளாப் போயிருக்கு அக்கா. இது ஒரு நாள்ல தேயறது இல்லையே. சத்தம் எதுவும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. நாலு மாசமாக் கேட்டுச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"வண்டியைப் பிரிச்சோம்."

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். தட்டிலிருந்த துண்டுகளை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். அளவு பார்க்க எனக்குக் கருவி தேவையில்லை. முந்தைய நாள் நான் நீரேற்றியில் மாட்டியதும் இதே பேரிங்தான். வலது ஜன்னலில் வாங்கியது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அந்த ஸ்க்ரூடிரைவர் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கியர் பெட்டியை இறக்கிய நாளில் அவர் அதைப் பிடுங்கித் தன் சட்டை மேல் ஊன்றி, "இங்கயும் ஒரு தடவை கேட்டுப்போடேன்" என்றார். எனக்கு வேலை கிடந்தது. "வெளையாட நேரம் பாத்தீங்க" என்று கையைத் தட்டிவிட்டேன்.

துக்கத்துக்குக் குடியிருப்பே வந்தது. வந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். இன்னொருவர் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, காது கொடுத்துக் கேட்டார்.

"ஒன்பது லட்சம் ஓடியிருக்குன்னா யாரு நம்புவா? செங்கோடன் வண்டியை நல்லா வெச்சிருந்தாருங்க" என்றார் இறங்கி வந்து.

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது நானே ஓட்டுகிறேன். சான்று இன்னும் பதினோரு மாதத்துக்குச் செல்லும். மேட்டில் எவ்வளவு மிதித்தாலும் சத்தம் வருவதில்லை.

வீட்டுச் சுவரில் இன்றும் ஒரே ஒரு மின்முனைதான் இருக்கிறது. அதில் வண்டி மாட்டியிருக்கிறது.