வீட்டு வார்த்தை

வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் திரையில் ஒரு கட்டம் மட்டும் போகாமல் நின்றது. படம் இல்லை. கறுப்புச் சதுரத்தின் நடுவில் 'அம்மா' என்று ஒரு பெயர் மட்டும்.

ஸ்ரீமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிஸ் அவள். மழைக்கு லீவு விட்டால் எட்டாம் வகுப்புக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுப்பாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏது சொந்தப் போன்? வீட்டில் எந்தப் போன் சும்மா கிடக்கிறதோ அதில் வருவார்கள். இளமதி என்கிற பெண் 'ராஜாமணி மாமா' என்ற பெயரில் வருவாள். தமிழ்மணி 'மாரியம்மாள் டெய்லர்' என்று வருவான். பெயரைப் பார்த்து உள்ளே விடுவதென்றால் பாதி வகுப்பு வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் வந்து நிற்கிற அத்தனை பேருக்கும் அனுமதி கொடுத்துவிடுவது அவள் வழக்கம். முன்பின் தெரியாதவர்களை ஆன்லைனில் எப்படி அடையாளம் கண்டு ஒதுங்குவது என்ற இன்றைய பாடத்தையும் அப்படி எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுத்தான் நடத்தினாள்.

"யாருமா அது? கிளாஸ் முடிஞ்சிடுச்சு. கட் பண்ணு" என்றாள்.

கட்டம் அசையவில்லை. ஏதோ ஒரு குட்டி போனை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தின் கடைசி வீடு அவர்களுடையது. மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. அவளுடைய போனிலிருந்து இணைப்புக் கொடுத்துத்தான் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. டிவி ஸ்டாண்டின் மேல் ஹாலையும் வாசல் கதவையும் பார்த்தபடி அது உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் எமர்ஜென்சி லைட். கணவர் ராஜவேல் காலையில் கடலூருக்குப் போனவர். ஆலப்பாக்கத்துக்கிட்டே ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, நண்பர் ஆரோக்கியராஜ் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று போன் செய்திருந்தார். மகள் வெண்மதி அடுத்த தெருவில் கணக்கு டியூஷனில் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அவள் எப்போது வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டுவாள்.

வெண்மதியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வார்த்தையை இன்றைக்கே மாற்ற வேண்டும்.

அது ஸ்ரீமதி வாயாலேயே வந்த வினை. இப்போது மெஷினே உங்கம்மா குரலில் பேசும், அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியாளுக்குத் தெரியாத ஒரு வார்த்தை வேண்டும், சந்தேகம் வந்தால் அதைக் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். எப்படிப்பட்ட வார்த்தை மிஸ், எப்படிப்பட்ட வார்த்தை மிஸ் என்று நச்சரித்தார்கள். காடாம்புலியூரில் அவள் பிறந்த வீட்டுப் பலாக்கொட்டையை, பேச வந்த வயதில் வெண்மதி 'லாக்கொட்டை' என்பாள். அதுவே வீட்டு வார்த்தையாக நின்றுவிட்டது. உதாரணம் சொல்லும் சுவாரசியத்தில் அதையே சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் நடத்துகிறவளே கோட்டை விட்டேனே என்று அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது விதியை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவசரப்படுத்துறவங்க நம்மவங்க இல்ல. கத்துவார்கள், அழுவார்கள், இப்பவே இப்பவே என்பார்கள். நம்மவங்க நிதானமாகச் சொல்வார்கள். வெண்மதிக்கு இது மனப்பாடம். பிரிட்ஜ் கதவில் எழுதியே ஒட்டி வைத்திருந்தாள்.

பாடம் நன்றாகத்தான் போயிற்று, எக்கோ ஒன்றைத் தவிர. ஸ்ரீமதி பேசுவதெல்லாம் ஒரு நொடி கழித்து அவளுக்கே திரும்பி வந்தது. ஒரே ரூமில் இரண்டு போன் வைத்திருந்தால் இப்படித்தான் அடிக்கும். யார் அது, ஒருத்தர் எழுந்து வெளியே போங்கள் என்று அதட்டிப் பார்த்தாள். இளமதிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மிஸ், எங்க வீட்ல ஒரு போன்தான் மிஸ். எக்கோ உங்க வீட்லேருந்துதான் வருது."

வாயைப் பார் என்று சிரித்து, எல்லார் மைக்கையும் பூட்டிவிட்டுத்தான் மீதிப் பாடத்தை முடித்தாள்.

இப்போது அது ஞாபகம் வந்தது. மைக் பூட்டியிருப்பதால்தான் அந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லையோ என்று பூட்டை எடுத்துவிட்டாள்.

கறுப்புச் சதுரத்தைச் சுற்றி நீலக் கோடு எரிந்தது. மழைச் சத்தம் கேட்டது. தகரத்தில் விழுகிற மழை. அதற்கடியில் இன்னொன்று, தண்ணீர் சொட்டுச் சொட்டாக எவர்சில்வர் பக்கெட்டில் விழும் சத்தம். ட்டிங். கொஞ்சம் விட்டு, ட்டிங். ஸ்ரீமதி திரும்பிப் பார்த்தாள். சமையலறைக்குப் போகிற வழியில் மேலே ஒழுகுகிற இடத்தில் அவள்தான் மத்தியானம் பக்கெட் வைத்திருந்தாள். அங்கே ட்டிங் என்றது. ஒரு நொடி கழித்து லேப்டாப்பில் ட்டிங் என்றது.

எழுந்து போய்ப் பழைய துணி ஒன்றைப் பக்கெட்டுக்குள் போட்டாள். சொட்டுச் சத்தம் நின்றது.

லேப்டாப்பிலும் நின்றது.

உடனே அவளுக்குக் கோபம் வந்தது, வெண்மதியின் மேல். ஸ்ரீமதியின் பழைய போன் மகளிடம்தான் இருந்தது. அதில் 'அம்மா' என்று பெயர் போட்டு வைத்ததும் அவள்தான். விளையாட்டுக்கு வகுப்பில் சேர்த்துவிட்டு டியூஷனுக்கு ஓடியிருக்கிறாள், வரட்டும் என்று முனகிக்கொண்டே மகளின் அறைப் பக்கம் நடந்தாள். அந்தப் போன் சார்ஜ் ஏறாமல் தீபாவளிக்கே செத்துப்போனது என்பது அறைக் கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.

கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதென்று மத்தியானம் அவளே வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அது அப்படியே இருந்தது. அதுவே கொஞ்சம் தைரியம் தந்தது. வெளியே போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதென்றால் உள்ளே யார் இருக்க முடியும்? திறந்தாள். நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது. மேசை, புத்தகம், கொடியில் காயாத யூனிபார்ம். கட்டிலில் தலையணைக்கு அடியிலிருந்து வெளிச்சம் கசிந்தது.

அந்தப் பழைய போனை எடுத்தாள். இவ்வளவு நேரம் எரிந்த போன் சூடாக இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தது. திரையில் அவள் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் பார்க்கிற அவள் வீட்டு ஹால் பெரிதாகத் தெரிந்தது. வாசல் கதவு, சோபா, அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்காலி மெல்ல நகர்ந்தது. யாரோ உட்காருவதற்கு இழுத்துக்கொள்கிற மாதிரி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதியில் சிக்கும், கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் விழும். இது வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரியும். பாதியில் சிக்கியது. ஒரு தட்டு. விழுந்தது.

"வெண்மதி, விளையாடாத. கதவ தொற."

கதவை இழுத்தாள். தோளால் முட்டினாள். ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் ஜன்னல் இல்லாத சுவர், அதன் மேல் தகர ஓரத்தில் கொட்டுகிற மழை. கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. சொந்தப் போன் ஹாலில் லேப்டாப் பக்கத்தில் கிடந்தது. கையிலிருந்த போனில் சிம் இல்லை. மைக்கை அழுத்தினாள். உங்கள் மைக்கை ஹோஸ்ட் பூட்டியிருக்கிறார் என்று வந்தது.

ஹோஸ்ட் அவள்தான்.

அப்போது ஹாலில் யாரோ பேசினார்கள்.

"குட் ஈவினிங் பசங்களா."

ஸ்ரீமதியின் குரல். ஆனால் கொஞ்சம் தட்டையாக, தூக்கத்தில் பேசுகிற மாதிரி. அதுவே மறுபடி சொல்லிப் பார்த்தது. "பசங்களா." இன்னொரு தடவை, கடைசியில் இழுத்து. "பசங்களாஆ." இப்போது சரியாக வந்தது. அவள் இழுக்கிற இழுப்பு அதேதான். மைக்க ஆப் பண்ணுங்க என்றது. தமிழ்மணி, சிரிக்காத என்றது. பாடம் முழுக்க அது அவளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, புதிதாக ஏதோ ருசி பார்ப்பது போல மெதுவாகச் சொன்னது.

"லாக்கொட்டை."

ஸ்ரீமதிக்கு அப்போதுதான் உறைத்தது. அது தனக்காக வரவில்லை. அது போட்டுக்கொண்டு வந்த பெயரே அம்மா. அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒருத்தி வருவாள், அவளுக்காக வந்திருக்கிறது. இன்றைக்கு மட்டும் வராதே என்று மனசுக்குள் வேண்டினாள். டியூஷன் சார், இந்த மழையில் அவளை அனுப்பாதீங்க சார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வையுங்க.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

"அம்மா, கதவ தொறம்மா. முழுசா நனைஞ்சிட்டேன்."

ஸ்ரீமதி கத்தினாள். தொண்டை கிழிய, வெண்மதி உள்ளே வராதே என்று கத்தினாள். திரையில் ஒரு முதுகு ஹாலைக் கடந்தது. அவளுடைய பச்சைச் சேலை. இப்போது அவள் கட்டியிருக்கிற அதே சேலை. அவளுடைய கிளிப். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற அவளுடைய நடை. அது வாசல் கதவைத் திறந்தது.

குடையை மடக்கியபடி வெண்மதி படியில் நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரும்மா கத்துறது? உன் குரல் மாதிரி இருக்கு."

வெண்மதி காலைப் பின்னால் எடுத்தாள். என் தங்கம் என்று ஸ்ரீமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படித்தான். அப்படியே திரும்பி ஓடு.

"வார்த்தைய சொல்லு" என்றாள் வெண்மதி.

"லாக்கொட்டை" என்றது அது, பொறுமையாக, சிரித்தபடி.

"லாக்கொட்டை! வெண்மதி, நான்தான்டி அம்மா! அது நானில்ல! ஓடிப் போ, இப்பவே ஓடு, சீக்கிரம் ஓடு!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீமதிக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

ஹாலில் அவள் குரல் நிதானமாகக் கேட்டது.

"பாத்தியாம்மா? நம்ம வார்த்தைய யாரோ ஒட்டுக் கேட்டிருக்காங்க. எப்படி அவசரப்படுத்துறாங்க பாரு."

"அவசரப்படுத்துறவங்க நம்மவங்க இல்ல" என்று வெண்மதி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

குடையை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கதவு சாத்தப்பட்டது.

நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீமதி நினைத்தாள். கத்தாமல், அழாமல், எப்போதும் பேசுகிற குரலில். கதவில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டாள். வெண்மதி, அம்மா பேசறேன்மா. நான் சொல்றதக் கேளு. பயப்படாத. அவ்வளவு மெதுவாகச் சொன்னதை மழை வாங்கிக்கொண்டது. சத்தமாகச் சொன்னால் கேட்கும், நம்ப மாட்டாள். நம்புகிற மாதிரிச் சொன்னால் கேட்காது. இருந்தாலும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திரையில் வெண்மதி அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள், லேப்டாப்பைப் பார்த்தபடி. பின்னால் பச்சைச் சேலை வந்து நின்றது. கழுத்துக்கு மேலே தெரியவில்லை. ஸ்ரீமதியின் வளையல் போட்ட இரண்டு கைகள் துண்டால் வெண்மதியின் தலையைத் துவட்டின. காதோரம், பிடரி, மறுபடி காதோரம். ஸ்ரீமதி துவட்டுகிற மாதிரியே. வெண்மதி கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"உன் கை ஏம்மா இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

கைகள் நின்றன. துண்டு முன்னால் இறங்கி வெண்மதியின் முகத்தை மூடியது. அங்கேயே இருந்தது.

துண்டுக்கு மேலே அது குனிந்தது. ஸ்ரீமதியின் முகம் திரையில் பெரிதாக வந்து, கேமராவுக்குள் அவளையே பார்த்தது.

"யாருமா அது? கிளாஸ் முடிஞ்சிடுச்சு. கட் பண்ணு."