உள்காற்று

ஒழுகிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் உறைத்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் கடுப்பில் இருக்கிறவனுக்கு எது உறைக்கும்? காரின் பக்கத்து இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் வைத்திருந்த துணிப்பை அடியிலிருந்து ஊறிப்போயிருந்தது. உள்ளே ஆறு புதுத் துவாலைகள், இரண்டு தொப்பிகள், உள்ளங்கை அகலத்தில் நாலைந்து சட்டைகள், எல்லாம் சொதசொதவென்று கிடந்தன. பிறந்து மூன்று நாளான மகளை மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதற்காக, மனைவி போனில் சொல்லச் சொல்ல அவனே துவைத்து, மடித்து, அடுக்கியவை. "வேணும் எனக்கு. நல்லா வேணும்," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஏழு வருஷம் காத்திருந்து பிறந்த பெண். அவளை வெயில் படாமல், தூசி படாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வாரம் முன்பு இந்தக் காரை வாங்கியிருந்தான். பிடித்துக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. வாயாலேயே வடக்கயிறு திரிக்கிற ஆள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் மாமா. ஒரே குடும்பம் ஓட்டின வண்டி. நாலு வருஷமா ஷெட்டுக்குள்ள பூட்டியே நின்னுருக்கு, கண்ணாடியக்கூட இறக்கல. உள்ள ஒரு கீறல் கிடையாது," என்றான். அந்தக் குடும்பம் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்கெதுக்கு மாமா?" என்று சிரித்துவிட்டான். உள்ளே கீறல் இல்லைதான். ஏசியைப் போட்ட மூன்றாவது நாளே குளம் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

முதல் தடவை மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயைச் சொடுக்கிக் காட்டினார். ஏசித் தண்ணீர் அதன் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டுமாம். அது அடைத்துக்கொண்டதால் உள்ளே ஒழுகுகிறதாம். காற்றடித்துச் சுத்தம் செய்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி குளம். இரண்டாவது தடவை குழாயையே மாற்றினார். அன்று சாயங்காலமே மறுபடி குளம். கால்மிதியைத் தூக்கி வெயிலில் போடுவதும், பழைய செய்தித்தாளைத் திணித்து ஒற்றியெடுப்பதும், நாலு கதவையும் திறந்துபோட்டு மணிக்கணக்கில் காயவைப்பதுமாக அவன் பொழுது போயிற்று. எவ்வளவு காய்ந்தாலும் ஒரு வாடை மட்டும் போகவில்லை. பூஞ்சை வாடை இல்லை. அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன், வாடைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன். இது தூங்கி எழுந்தவர்கள் வாய் திறந்து பேசும்போது வருகிற வாடை. அறைக்குள் நிறையப் பேர் படுத்திருந்தால் காலையில் இருக்குமே, அந்த மாதிரி.

தொழில் புத்தி போகுமா? துணிப்பை நனைந்த அன்று கடையிலிருந்து அளவு போட்ட கண்ணாடிக் குடுவையை எடுத்துவந்து, டேஷ்போர்டுக்கு அடியில் சொட்டும் இடத்தில் முட்டுக்கொடுத்து வைத்தான். கடைக்கும் வீட்டுக்கும் இருபது நிமிஷம். வீட்டு வாசலில் குனிந்து பார்த்தபோது அரை லிட்டர் கோட்டைத் தாண்டியிருந்தது. குடுவையைப் பிடித்த விரல்களில் இளஞ்சூடு. அவன் மூக்குக்கண்ணாடியில் மெல்லிய பனி படிந்தது. துடைத்தான். மறுபடி படிந்தது.

மறுநாள் காலை மூன்றாவது தடவையாகப் பட்டறைக்குப் போனபோது அவன் சண்டைக்கே தயாராகப் போனான். ஓட்டமும் நடையுமாக வந்த மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே குடுவையை நீட்டினான்.

"அண்ணே, இருபது நிமிஷத்துல இவ்வளவு. என்ன வேலை பாத்தீங்க நீங்க?"

மெக்கானிக் குடுவையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "சார், பட்டன் எதுல வச்சு ஓட்டுறீங்க? வெளிக்காத்தா, உள்காத்தா?"

"உள்காத்துதான். அப்பதானே சீக்கிரம் குளிருது?"

"வண்டில எத்தனை பேர் வந்தீங்க?"

"நான் ஒருத்தன்தான். ஏன்?"

"ஏசித் தண்ணி வண்டிக்குள்ளேருந்து வர்றதில்ல சார், காத்துல இருக்கிற ஈரம்தான் தண்ணியாவுது. உள்காத்துல வச்சு மூடிக்கிட்டு ஓட்டுனா, உள்ள இருக்கிறவங்க விடுற மூச்சுதான் திரும்பத் திரும்பச் சுத்தும். இப்ப அடிக்கிற வறண்ட வெயிலுக்கு, ஒரு ஆளு மூச்சுக்கு இதுல அடிக்கோடு நனைஞ்சா அதிகம்." குடுவையை மெல்ல ஆட்டினார். "அதுவும் ஐஸ் மாதிரி இருக்கணும். இது என்ன சார், வெதுவெதுன்னு இருக்கு?"

"அதை நீங்க சொல்லணும்ணே."

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. குடுவையை உள்ளே பொருத்தினார், இன்ஜினை ஓடவிட்டு, பட்டனை உள்காற்றில் வைத்து, நாலு கதவையும் அடைத்தார். இருவரும் வெளியே நின்றார்கள். வெயில் பட்டறைத் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. காருக்குள் யாரும் இல்லை.

பத்து நிமிஷத்தில் பின்பக்கக் கண்ணாடியில் பனி படிந்தது. முழுக்க இல்லை. வட்டமாக, ஓர் ஆள் உட்கார்ந்தால் வாய் வருகிற உயரத்தில். மங்கியது. மறுபடி படிந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு நடுவில், தாழ்வாக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரத்தில் மூன்றாவது. மெக்கானிக் கை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். சுட்டது போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வெளிய இவ்வளவு சூடு. இதுல உள்பக்கம் எப்படிப் பனி பிடிக்கும்?" அவர் அவனிடம் கேட்கவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கதவைத் திறந்து குடுவையை எடுத்தபோது அது முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதைக் கீழே கொட்டாமல், சாக்கடை வரை நடந்துபோய்க் கவிழ்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"வேற எடத்துல காட்டுங்க சார்."

"என்னண்ணே இப்படிக் கைவிடுறீங்க? இன்னிக்கு மதியம் என் பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். பச்சைக் குழந்தை!"

மெக்கானிக் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அப்ப டாக்ஸி பிடிச்சுக்குங்க. முடியலேன்னா வெளிக்காத்துலயே ஓட்டுங்க. குளிரலேன்னாலும் பரவால்ல. உள்காத்துல மட்டும் போடாதீங்க. எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியல."

இதென்ன கூத்து என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல் பூச்சாண்டி காட்டுகிறார். கண்ணாடியைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டான்.

டாக்ஸிக்கும் முயன்று பார்த்தான். முதல் டாக்ஸி வருகிறேன் என்று சொல்லி இருபது நிமிஷம் கழித்து வரவில்லை என்றது. இரண்டாவது ஆள் போனையே எடுக்கவில்லை. மச்சான், அவசர வேலை, சாயங்காலம் பேசுகிறேன் என்று நழுவிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி நாலாவது தடவையாகக் கூப்பிட்டாள். "என்னங்க, நர்ஸ் ரூமைக் காலி பண்ணச் சொல்லி ரெண்டு தடவை வந்துட்டாங்க. காரை வாங்கி வச்சுக்கிட்டு டாக்ஸி தேடுற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

வெளிக்காற்றில் வைத்து ஓட்டிக்கொண்டே போனான்.

மனைவி தையல் வலியோடு மெல்ல மெல்லப் பின்சீட்டில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவந்த முகம், மூடிய கைகள், மொத்தமே ஒரு முழம். இவளை இருபத்தைந்து நிமிஷம் பத்திரமாகக் கொண்டுபோனால் போதும், நாளைக்கே இந்த வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடுகிறேன் என்று நினைத்தபடியே ஓட்டினான்.

வெளிக்காற்று அனல் மாதிரி வந்தது. குழந்தை சிணுங்கியது. பிறகு அழுதது. பிறகு உடம்பெல்லாம் சிவக்க வீறிட்டது.

"வேகுதுங்க உள்ள. ஏசி ஓடுதா இல்லையா?"

"ஓடுது. கொஞ்சம் பொறுத்துக்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி. பின்னால் ஒரு பஸ். லாரி இன்ஜினை அணைக்காமல் கரும்புகையைத் தள்ளிக்கொண்டிருக்க, அத்தனையும் காற்றுத்துவாரங்கள் வழியாக உள்ளே வந்தது. மனைவி முந்தானையால் குழந்தையின் மூக்கை மூடினாள். குழந்தை இருமியது. நாலு நாள் குழந்தை இருமுகிற சத்தத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

"என்னங்க! புகை உள்ள வருது! அதை அடைங்களேன்!"

அவன் விரல் பட்டனின் மேல் நின்றது. ஒரு மெக்கானிக்கின் உளறலுக்காகப் பெற்ற பிள்ளையைப் புகையில் போடுவதா? அழுத்தினான்.

புகை நின்றது. சட்டென்று குளிர்ந்தது. அழுகையும் நின்றது. பாதியில், கத்தரித்த மாதிரி.

"பாத்தீங்களா, குளுகுளுன்னு காத்துப் பட்டதும் அடங்கிட்டா," என்று மனைவி சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "விக்கல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான், கம்முன்னு ஆயிட்டா. முழிச்சுத்தான் இருக்கா. என்னையே பாக்குறா."

டேஷ்போர்டுக்கு அடியில் திரும்பப் பொருத்தியிருந்த குடுவையில் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. டொப். டொப். அந்த வாடை வந்தது. அவன் மூக்குக்கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துக்கொண்டே தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். மனைவிக்குப் பக்கத்தில் சீட் காலி. சீட்டுக்கு அப்பால் கண்ணாடியில் வட்டம். வந்தது. போனது. பக்கத்தில் ஒன்று. தாழ்வாக ஒன்று. மூன்று. மூன்றும் சேர்ந்து வந்தன, சேர்ந்து போயின.

கேட் திறந்தது. அவன் பட்டனை மறுபடி அழுத்தினான். வெளிக்காற்று வரவில்லை. மறுபடி. மறுபடி. பட்டனில் விளக்கு மாறியது, காற்று மாறவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது.

"எதுக்குங்க இறக்குறீங்க? இப்பத்தான் குளிருது."

ஓட்டினான். ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். குடுவை நிறைந்து வழிந்தது.

வீட்டு வாசல். பிரேக். இன்ஜினை அணைத்தான். இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். மனைவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தி, படியேறினாள். "நான் போய் மெத்தையை விரிக்கிறேன். தலையைப் பிடிச்சுத் தூக்கிட்டு வாங்க."

குழந்தை கையில் இருந்தது. கதகதப்பாக. அவன் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கண் திறந்து அவனையே பார்த்தது. இமைத்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அவனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மெக்கானிக்கையும், மச்சானையும், தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டான்.

திரும்பும்போது காரின் பக்கம் கண் போனது.

பின்கண்ணாடியில் மூன்று வட்டங்கள். வந்தன. போயின.

மனைவி உட்கார்ந்திருந்த ஓரத்தில், அவள் குழந்தையை அணைத்திருந்த மார்பின் உயரத்தில், இன்னொன்று. ஒரு பொத்தான் அளவு. மற்ற மூன்றும் ஒரு தடவை வருவதற்குள் அது இரண்டு மூன்று தடவை வந்து போயிற்று. பச்சைக் குழந்தைகள் மூச்சு விடுகிற மாதிரி. வேகவேகமாக.

அவன் குனிந்து குழந்தையின் மார்பைப் பார்த்தான். துவாலை அசைகிறதா? அசையவில்லை. துவாலை தடிப்பு. அதனால் தெரியவில்லை. அதனால்தான்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். சட்டையில் நன்றாகத் துடைத்தான். குழந்தையின் மூக்குக்குக் கீழே வைத்தான். எண்ணினான். பத்து. இருபது. முப்பது. குழந்தை இமைத்தது. அவன் விரலை இன்னும் இறுக்கியது.

கண்ணாடி தெளிவாக இருந்தது. பனி படியவே இல்லை.

"என்னங்க, புள்ளைய வெயில்ல வச்சுக்கிட்டு அங்க என்ன பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

அவன் கை பின்கதவின் பிடியில் இருந்தது. திறந்தால் அந்த மூச்சு வெளியே வந்து குழந்தையோடு சேர்ந்துகொள்ளுமா? இல்லை, இந்த வெயிலில் காய்ந்து போய்விடுமா? ஏசி அணைந்துவிட்டது. கார் சூடேறிக்கொண்டிருந்தது. பெரிய வட்டங்கள் மூன்றும் பொத்தானை நெருங்கி வந்திருந்தன.

சின்ன வட்டம் வந்தது.

போனது.

வந்தது. முன்னைவிடச் சின்னதாக.